எண்ணப்பட்ட உடல், எண்ணப்படாத பெண்: ஜவ்வாது மலையை முன்வைத்துச் சில குறிப்புகள்

வட ஆற்காடு மாவட்டக் கையேட்டில் ஜவ்வாது மலை மலையாளிகளின் பூர்வீகம் பற்றி ஒரு கதை இருக்கிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் தம் தொகுதிகளில் அதை எடுத்துப் போட்டிருக்கிறார். கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்கிறார்கள். ஏளனமாக மறுக்கப்படுகிறார்கள். ஆத்திரத்தில் ஏழு கன்னியரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்பதற்கு ஏழு ஆண்கள் ஏழு நாய்களுடன் புறப்படுகிறார்கள். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் எங்களைச் செத்தவர்களாகக் கொண்டு காரியம் செய்துவிடுங்கள் என்று மனைவியரிடம் சொல்லிப் போகிறார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் எப்படியோ கரையேறிவிட, நாய்கள் பாதி நீந்தித் திரும்பிவிடுகின்றன. வேடரைக் கொன்று கன்னியரை மீட்டு ஊர் திரும்பியவர்களுக்குத் தெரிவது தங்கள் மனைவியர் விதவைகளாகி, தங்களுக்கு ஈமக்கடனும் முடிந்துவிட்டது என்பது. சாதியில் இனி இடமில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து மலையேறி உழுது பயிரிட்டு வாழத் தொடங்கினார்கள்.

இந்தக் கதையில் மூன்று கூட்டம் பெண்கள் இருக்கிறார்கள். தூக்கிச் செல்லப்பட்ட கன்னியர், உயிரோடிருக்கும் கணவனுக்குத் தாலியறுத்த மனைவியர், ஒரு இனத்துக்கே தாயான வேடர் பெண்கள். மூன்றாவது கூட்டம்தான் மலையாளிகளின் ரத்தம். அவர்களுக்குக் கதையில் ஒரு வாக்கியம்கூட முழுதாக இல்லை. நாய்கள் ஏழு என்பது ஞாபகத்தில் நின்றிருக்கிறது. வேடர் பெண்கள் எத்தனை பேர் என்பது நிற்கவில்லை. மனைவியரின் நிலைமைதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. அவர்கள் செய்தது தவறல்ல. கையில் கிடைத்த சான்றை, ஏற்கெனவே ஆண்கள் வகுத்துக்கொடுத்த விதிப்படி வாசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். விதி தப்பு. நாய் திரும்புவதற்கும் ஆள் சாவதற்கும் தொடர்பில்லை. ஆனால் விலை கொடுத்தது வாசித்தவர்கள்.

சான்று, அதை வாசிப்பதற்கான விதி, அந்த விதியை வகுப்பவர், விலை கொடுப்பவர். மருத்துவ ஆராய்ச்சியில் பெண்ணின் இடம் என்ன என்று யோசிக்கும்போது இந்த நான்கையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

மலையடிவாரத்துச் செங்கத்தை நம்மில் பலர் நடுகற்களால் அறிவோம். இரா. நாகசாமி காலத்துத் தொல்லியல் துறை 1972இல் செங்கம் நடுகற்களைத் தொகுத்துப் புத்தகமாக்கியது. பல்லவர் காலத்திலிருந்து தொடரும் கற்கள். ஆநிரை கவர்தலில், மீட்டலில் பட்டவனின் பேரும், மன்னனின் ஆட்சியாண்டும், ஊரும். வரலாற்று மாணவனுக்கு இதைவிடத் துல்லியமான சாவுப் பதிவேடு கிடைக்காது. இதே சீமையின் சாலையோரங்களில் இன்னொரு வகைக் கல் உண்டு. நட்ட இரு கற்களின்மேல் படுக்கையாக ஒரு கல். ஆள் உயரத்துக்குத் தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கிவைத்துத் திரும்ப ஏற்றிக்கொள்ள வசதியான உயரம். சுமைதாங்கி. பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனவளுக்காக அவள் வீட்டார் நட்டுவைப்பது. இறக்க முடியாமல் போன சுமையைப் பிறர் சுமைகளை இறக்கித் தீர்க்கிற நம்பிக்கை. சிலவற்றில் பேர் வெட்டியிருக்கும், அநேகமாக இருக்காது. நடுகல்லுக்கு வாசகர்கள் கிடைத்தார்கள், படியெடுத்தார்கள், காலவரிசைப்படுத்தினார்கள். சுமைதாங்கியைப் பிரசவ மரணத்தின் ஆவணமாக வாசிக்க நம் வரலாற்றுத் துறைக்குத் தோன்றவில்லை. சாலை அகலப்படுத்தும்போது முதலில் போவதும் அதுதான்.

பெண்களை ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை என்பது மேற்கே பெரிய விவாதமாகி ஓய்ந்தது போலிருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் தாலிடமைட் மாத்திரையால் ஊனக் குழந்தைகள் பிறந்த அதிர்ச்சியின் நிழலில், 1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் ஆரம்பக் கட்டங்களிலிருந்து விலக்கி வழிகாட்டுதல் வெளியிட்டது. விதவை, கணவன் அறுவை செய்துகொண்டவள், கருத்தடை உபயோகிப்பவள் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. கருப்பை இருந்தால் போதும். ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த புகழ்பெற்ற ஆய்வில் 22,071 டாக்டர்கள் பங்கு பெற்றார்கள். 1988இல் முடிவு வந்தது. ஒருவர்கூடப் பெண் இல்லை. 1993இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் போட்டு அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியில் பெண்களைச் சேர்த்தாக வேண்டும் என்றது. மருந்து நிர்வாகமும் அதே ஆண்டில் தன் பழைய தடையைத் தளர்த்தியது. இருபது வருஷம் கழித்து, 2013இல், ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரையைப் பெண்களுக்குப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். பெண்ணுடலிலிருந்து அது மெதுவாகத்தான் வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் மிச்சமிருக்கிறது என்பது அதற்குள் அத்தனை கோடி மாத்திரை விற்ற பிறகு.

இந்தச் சரித்திரத்தை அப்படியே நம் மண்ணில் பதியன் போட்டுவிட முடியாது. நம்மிடம் பெண் ஆராய்ச்சியில் இல்லாமல் இல்லை. ஏராளமாக இருக்கிறாள், இடுப்புக்கும் தொடைக்கும் இடையில். குடும்பக் கட்டுப்பாட்டு வளையம், மாத்திரை, ஊசி, அறுவை என்று அவள்மேல் நடந்த பரிசோதனைகளுக்குக் கணக்கில்லை. நெட்-என் என்ற கருத்தடை ஊசியின் சோதனையில் ஆந்திராவின் பட்டான்செருவில் பெண்களுக்கு என்ன போடுகிறோம் என்று சரியாகச் சொல்லவில்லை என்று கண்டு, ஸ்த்ரீ சக்தி சங்கட்டனாவும் வேறு அமைப்புகளும் 1986இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். ஆக, மேற்கில் கருப்பை இருப்பதால் வெளியே. இங்கே கருப்பை இருப்பதால் மட்டுமே உள்ளே. இரண்டிலும் காணாமல் போவது கருப்பையைச் சுற்றியிருக்கிற மனுஷி.

(நம் புதுக்கவிதைக்காரர்களும் யோசிக்கலாம். ஐம்பது வருஷமாகக் கருவறை என்ற படிமத்தை இருட்டு, மௌனம், பிரபஞ்சம், வெறுமை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தித் தேய்த்தாயிற்று. அதன் சொந்தக்காரிக்கு முதுகுவலியோ மூச்சிரைப்போ இருந்ததாக எந்தக் கவிதையிலும் குறிப்பில்லை. குடும்ப நல மையத்தின் பார்வையும் நம் பார்வையும் அவ்வளவு தூரத்தில் இல்லை.)

விதிவிலக்காக ஒருத்தி. லூசி வில்ஸ், 1888இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். 1928இல் இந்தியா வந்தார். அவரை வரவழைத்தவர் மார்கரெட் பால்ஃபர் என்ற இன்னொரு பெண் டாக்டர். பிரசவத்தில் பெண்கள் ஏன் இப்படிச் சாகிறார்கள் என்ற விசாரணையில் பல காலமாக ஈடுபட்டிருந்தவர். பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளுக்கு வருகிற ஒரு கொடிய சோகையை வில்ஸ் பார்க்கிறார். ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் வீங்கியிருக்கின்றன. வழக்கமான பதில் கிருமி. வில்ஸ் கிருமியைத் தேடிவிட்டு அடுப்படிக்குப் போனார். யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டார். பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு இந்தச் சோகை அரிது. ஏழை முஸ்லிம் பெண்களுக்கு அதிகம். அவர்கள் தட்டில் பழமும் காய்கறியும் மிகக் குறைவு.

அங்கிருந்து அவர் குன்னூருக்கு வந்து பாஸ்டர் நிலையத்தில் எலிகளுக்குப் பம்பாய்ப் பெண்களின் அதே சாப்பாட்டைப் போட்டுப் பார்த்தார். பிறகு குரங்குகள். சோகை பிடித்த குரங்கு ஒன்றுக்கு மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு கொடுக்க, அது தேறியது. பம்பாயில் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள்; தேறினார்கள். 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அதே வருஷம் அவர் சென்னையில், இன்றைக்குக் கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பேர் மாறியிருக்கிற கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். ஈஸ்ட் சாற்றில் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. வில்ஸ் ஃபேக்டர் என்று பின்னால் சொன்னார்கள். 1941இல் பசலைக்கீரை மாதிரியான இலையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் இலையை வைத்தே ஃபோலிக் அமிலம் என்று பேரிட்டார்கள். 1991இல், கருவுறுமுன்பே இதைச் சாப்பிட்டால் குழந்தையின் தண்டுவடப் பிளவைப் பெருமளவு தடுக்கலாம் என்று நிரூபணமாயிற்று. இன்று உலகம் பூராவும் கர்ப்பிணி விழுங்குகிற மாத்திரையின் மூலம் பம்பாய்ச் சாளிலும் குன்னூர் எலிக்கூண்டிலும் இருக்கிறது.

இதில் நான் அழுத்த விரும்புவது அவர் பெண் என்பதை அல்ல. பெண் டாக்டர் என்றால் பெண்ணைப் பார்த்துவிடுவாள் என்பது சுலபமான நம்பிக்கை; எத்தனையோ பெண் டாக்டர்கள் முகாம்களில் இலக்கு முடித்திருக்கிறார்கள். வில்ஸ் செய்தது வேறு. கர்ப்பிணியின் நோயை அவள் கர்ப்பத்துக்கு வெளியே கொண்டுபோனார். அவள் கூலி, அவள் கடை, அவள் தட்டு. நோய்க்கு ஒரு சமூக முகவரி கொடுத்தார். சோதனைக்கு உட்பட்ட அந்தப் பெண்களின் முகவரியைத்தான் சரித்திரம் கொடுக்கவில்லை. குரங்குகூட ஒரு குறிப்பிட்ட குரங்காக எல்லாப் புத்தகங்களிலும் வருகிறது.

சோகையென்றதும் ஜவ்வாது மலைக்குத் திரும்ப வேண்டியதாகிறது. சோகைக்கு நம் பாஷையில் வார்த்தைகளுக்குக் குறைவில்லை. வைத்தியர் பாண்டு என்பார். வீட்டில் வெளுத்துப் போயிட்டா என்பார்கள். அடுப்பு மண்ணையும் சாம்பலையும் தின்பது மசக்கை என்று நம் சிறுகதைகளில் ஒரு செல்லக் குறும்பாக வந்துகொண்டிருக்கிறது. இரும்புச் சத்து வற்றிய உடம்பு மண்ணுக்கு ஏங்கும் என்பது மருத்துவம் கண்டது. கர்ப்பத்துக்கு மொத்தத்தில் ஏறக்குறைய ஆயிரம் மில்லிகிராம் இரும்பு வேண்டும். 1970இல் இந்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டம் தொடங்கிக் கர்ப்பிணிக்கு 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் நூறு நாளைக்கு என்று கொடுத்தது. அந்தச் சமயத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் எவ்வளவு இரும்பு போதும் என்று ஆராய்ந்த இரண்டு ஊர்களில் ஒன்று டெல்லி, மற்றது வேலூர். ஐம்பது வருஷமாயிற்று. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்குச் சோகை, தமிழ்நாட்டில் 53.4. உள்ளே போகிற இரும்பை எண்ணினோம். வெளியே போகிற ரத்தத்தை எண்ணினோமா?

கொக்கிப்புழு ரத்தம் குடிக்கிறது. நெகேட்டர் என்ற இனம் ஒன்று ஒரு நாளைக்குக் குடிப்பது 0.03 மில்லிலிட்டர், துளியில் ஒரு துணுக்கு. குடலில் நூறு புழு இருந்தால் நாளைக்கு மூன்று மில்லி. முட்டை மலத்தோடு மண்ணுக்குப் போய் ஈரமும் நிழலும் கிடைத்தால் லார்வாவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறி, ரத்தத்தில் நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலுக்கு வந்து சேருகிறது. சாமை விளைகிற, காடு நெருங்கிய, செருப்பில்லாமல் களையெடுக்கிற மலைக்குத் தோதான ஜந்து. மற்ற குடற்புழுக்கள் குழந்தைகளிடம் உச்சத்தில் இருக்கும். கொக்கிப்புழு வயது ஏற ஏறச் சேரும். ஆணும் பெண்ணும் ஒரே நிலத்தில் நின்று ஒரே அளவு புழுவை வாங்கினாலும் விளைவு ஒன்றல்ல. மாதா மாதம் ரத்தம் இழந்து, இரண்டு வருஷத்துக்கொரு தரம் சூல் சுமந்து, பாலூட்டி, கடைசியாகச் சாப்பிடுகிறவளின் இரும்புக் கையிருப்பு ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது.

இந்தப் புழுவை எண்ணிய சரித்திரத்தைப் பார்த்தால் யாரை எண்ணினார்கள் என்பது விளங்கும். ராக்ஃபெல்லர் ஸ்தாபனம் 1916இல் இலங்கையில் தன் இயக்கத்தைத் தொடங்கியது தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் கூலிகளிடம். 1920களில் அதன் டாக்டர் கென்ட்ரிக் சென்னை மாகாணத்துக்கு வந்தார். சிறைக் கைதியும் தோட்டக் கூலியும் வரிசையில் நிறுத்தச் சௌகரியமானவர்கள். கவலை உழைப்பின் நஷ்டத்தைப் பற்றியது. ஒரு கூலி எவ்வளவு கொழுந்து பறிக்க முடியாமல் போகிறது என்பது கணக்கு. தோட்டத்தில் கொழுந்து பறித்தது பெரும்பாலும் பெண்தான், ஆகவே அவளும் கணக்கில் வந்தாள், கூலியாக. அன்றைய மருந்துகள் கடுமையானவை. கீனோபோடியம் எண்ணெயைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. யாருக்கு ரத்தம் மிக அவசியமோ அவளைத் தொடாத மருந்து.

அந்தத் தயக்கம் நல்ல மருந்துகள் வந்த பின்பும் நீடித்தது. உலக சுகாதார நிறுவனம் 1994 டிசம்பரில் ஜெனீவாவில் ஆலோசனைக் கூட்டம் நடத்தி, கொக்கிப்புழு மலிந்த பிரதேசங்களில் முதல் மூன்று மாதம் கழிந்த கர்ப்பிணிகளுக்குப் புழு மருந்து கொடுக்கலாம் என்று சொல்ல அவ்வளவு காலம் பிடித்தது. ஆனால் அரசாங்கங்களின் கவனம் பள்ளிக்கூடத்தின்மேல். அங்கேதான் பிள்ளைகள் வரிசையில் இருக்கிறார்கள். இந்தியாவில் 2015 பிப்ரவரியிலிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள். ஒன்று முதல் பத்தொன்பது வயதுவரை அல்பெண்டசோல். பத்தொன்பது வயதில் மலையில் பல பெண்கள் தாய்.

2010களின் நடுவில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் இதை வேறுவிதமாகக் கேட்டார்கள். பள்ளிப் பிள்ளைக்கு மட்டுமல்லாமல் ஊர் முழுவதற்கும் மருந்து கொடுத்தால் புழு எவ்வளவு குறையும், எவ்வளவு சீக்கிரம் திரும்ப வரும்? அதன் தொடர்ச்சியாக 2017இல் டிவார்ம்-3 என்ற பெரிய சோதனை வந்தது. பெனின், மலாவி, இந்தியா என்று மூன்று நாடுகள். இந்தியாவில் திமிரி வட்டாரமும் ஜவ்வாது மலையும். நாற்பது தொகுதிகளாக ஜனங்களைப் பிரித்து, பாதிக்கு வழக்கமான பள்ளி மருந்து, பாதிக்கு வருஷம் இரண்டு முறை மூன்று வருஷம் வீடு தேடி எல்லா வயதினருக்கும் மருந்து. அதற்குமுன் மக்களை வீடு வீடாக எண்ணினார்கள். வேலூர்க் கல்லூரியின் முன்கதை எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஆண் டாக்டர் தொடக்கூடாதென்று மூன்று பெண்கள் ஒரே இரவில் செத்தது, ஐடா ஸ்கடர் 1900இல் டாக்டராகத் திரும்பி வந்தது, 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி. அங்கிருந்து மலைக்குத் தூரம் அதிகமில்லை. ஆனால் சிகிச்சைக்கு வருகிறவளைப் பார்ப்பது ஒன்று. வராதவளும் தொகையில் அடக்கம் என்று அவள் வாசலுக்குப் போய் எண்ணுவது வேறு.

சோதனையின் விதிகளில் ஒன்று என்னை யோசிக்க வைத்தது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருப்பவளுக்கு மாத்திரை இல்லை. நியாயம்தான். அல்பெண்டசோல் விலங்குக் கருக்களுக்குத் தீங்கு செய்திருக்கிறது. மனிதக் கருவில் சோதிக்க யாரும் துணியமாட்டார்கள். சோதிக்காததால் தெரியாது, தெரியாததால் கொடுப்பதில்லை, கொடுக்காததால் தெரியப்போவதில்லை. இந்த வட்டத்தைக் குறை சொல்வது சுலபம். உடைக்கச் சொல்வதற்குத் துணிச்சல் அல்ல, வேறொருத்தியின் குழந்தை வேண்டும். நான் பார்ப்பது அதற்கும் முந்தைய நொடியை. வாசலில் மாத்திரையோடு நிற்பவருக்கு இவள் முதல் மூன்று மாதத்தில் இருக்கிறாளா என்று எப்படித் தெரியும்? கேட்க வேண்டும். எந்தத் தமிழில்?

கடைசி மாதவிலக்கு தேதி என்பது படிவத்தின் தமிழ். ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் பலாச்சுளை விற்ற ஒரு கிழவியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன், உங்க காலத்துல பொண்ணு உண்டாயிருக்கறத எப்ப ஊருக்குச் சொல்லுவீங்க என்று. "எதுக்கு சாமி சொல்லணும்? முழுகாம இருக்கான்னு அவ மாமியாளுக்குத் தெரியும். வயிறு தெரிஞ்சா ஊருக்குத் தெரியும்" என்றாள். முழுகாமல் இருத்தல். மாதந்தோறும் விலகி இருந்து தலைமுழுகுகிற வழக்கத்திலிருந்து வந்த சொல். நேராகப் பார்த்தால் அது ஒரு தடயக் கணக்கு: நடக்க வேண்டியது நடக்கவில்லை என்பதைக் கவனித்தல். கவனிப்பவள் மாமியார். ஊரறிய வயிறு தெரிவதற்குள் அந்த மூன்று மாதம் போய்விடுகிறது. அதாவது விதி கேட்கிற மூன்று மாதமும் மலையின் பாஷை மறைத்துவைக்கிற மூன்று மாதமும் ஒன்றே. அந்நியர் கேட்டால் இல்லை என்று சொல்ல ஒரு மருமகளுக்கு எத்தனையோ காரணம் உண்டு; கல்யாணமாகாதவளுக்கு இன்னும் அதிகம். வெட்கப்பட்டு ஆமென்று சொல்லி மாத்திரை தவறுகிறவளும் இருப்பாள். பிரதிநிதித்துவம் என்று நாம் சதவீதத்தில் பேசுகிற விஷயம் முடிவாகிற இடம் இதுதான். கேட்பவள் அதே மலைப் பெண்ணாக இருந்து, ஆண்கள் இல்லாத நேரத்தில், முழுகாம இருக்கியா என்று கேட்டால் வருகிற எண்ணும், வெள்ளைச் சட்டைக்காரர் படிவத்தைப் படித்தால் வருகிற எண்ணும் வேறு வேறு எண்கள். இரண்டும் ஒரே தசம ஸ்தானத் துல்லியத்தோடு அச்சாகும்.

எண்ணப்படுவதே விடுதலை என்று நினைப்பவர்களுக்காக இரண்டு சம்பவங்கள். 1976இலிருந்து 1988வரை டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் ஒன்று, கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றங்கள் கொண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை, எத்தனை பேருக்கு எப்போது முற்றுகிறது என்று பார்ப்பதற்காகச் சிகிச்சையின்றித் தொடர்ந்து கவனித்தது. எழுதி வாங்கிய சம்மதம் இல்லை. சிலருக்குப் புற்றானது. விஷயம் 1997இல்தான் வெளியே வந்தது. இரண்டாவது, 2009–10இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பாத் என்ற அமெரிக்க அமைப்பும் ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஹெச்பிவி தடுப்பூசித் திட்டம். பதினாலாயிரம் சிறுமிகள், பழங்குடி விடுதிப் பிள்ளைகள் அதில் நிறைய. பல படிவங்களில் பெற்றோர் இடத்தில் விடுதி வார்டன் கையெழுத்து. ஏழு சிறுமிகள் கம்மத்திலும் வடோதராவிலுமாக இறந்தார்கள். சாவுக்குக் காரணம் தடுப்பூசி அல்ல என்றது விசாரணை. அது சரியாகவே இருக்கலாம்; தடுப்பூசி நல்லதென்றுதான் நானும் வாசித்தவரை நம்புகிறேன். 2013இல் நாடாளுமன்றக் குழு கண்டித்தது மருந்தையல்ல, சம்மதத்தை. நல்ல மருந்தை இப்படிக் கொடுத்ததனால் அதன்மேல் ஒரு தலைமுறைச் சந்தேகம் விழுந்தது என்பது கூடுதல் நஷ்டம்.

இடையில் திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் நினைவுக்கு வருகிறது. 2000இல் தொடங்கியது. முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுப் பெண்களின் கருப்பை வாயில் வினிகர் போன்ற திரவம் தடவி, வெளுக்கிற இடத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல நர்சுகளைப் பழக்கினார்கள். 49,311 பேர் இந்தப் பரிசோதனைக்கென்று ஒதுக்கப்பட்டவர்கள். 30,958 பேர் ஒப்பீட்டுக்கு, வழக்கமான கவனிப்போடு விடப்பட்டவர்கள். 2007இல் வந்த முடிவில் புற்றுச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. பல நாட்டுப் பெண்களுக்கு உபகாரமான ஞானம். அந்த முப்பதாயிரத்துச் சொச்சம் பேர் வீட்டுக் கூடத்திலிருந்து இதை வாசித்தால் எப்படியிருக்கும் என்று மட்டும் யாராவது ஒரு நாவலாசிரியர் யோசிக்கலாம்.

நாய்களைப் பார்த்துத் தாலியறுத்த மனைவியரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணி பங்கின் ஆய்வு இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி, அதுவும் காடும் பழங்குடியும். கர்ப்பிணி, கருத்தடை செய்துகொண்டவள் என்ற தகுதி எதையும் கேட்காமல் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்தார். 1989 ஜனவரியில் லான்செட்டில் வந்தது. நூற்றுக்கு 92 பேருக்குப் பெண்ணுறுப்பு சம்பந்தமான ஏதாவதொரு நோய். அதற்குமுன் ஒருமுறையேனும் அதற்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். நோய் புதிதல்ல, கிராமத்துப் பெண்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம். லான்செட்டுக்குத்தான் புதிது. அதுவரை உலகத்தில் தாய்சேய் நலம் என்று ஒரே சொல்லாக இருந்தது. தாயாகாத நேரத்துப் பெண்ணுக்கு மருத்துவத்தில் பேர் கிடையாது.

தமிழ்நாட்டில் இப்போது குடற்புழு நீக்க நாளில் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளோடு இருபதிலிருந்து முப்பது வயதுவரையுள்ள பெண்களுக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். கர்ப்பிணியும் பாலூட்டுகிறவளும் நீங்கலாக. இருபதிலிருந்து முப்பது வயதில் மலைப் பெண் அந்த இரண்டில் ஒன்றாக இல்லாத மாதங்கள் எத்தனை என்று, சுகாதார நிலையத்துப் பிரசவப் பதிவேட்டையும் அங்கன்வாடிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜமுனாமரத்தூரில் உட்கார்ந்து யாராவது எண்ண வேண்டும். அது ஒரு வாரத்து வேலை.